ஊற்றியவன் பொறுப்பு

(பொன்மலையில் நடைபெற்ற தமிழ்மன்றக் கூட்டத்தில் புலவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘குடியும் சட்டமும்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. குடியின் கேட்டை விரித்துரைக்க நான் வரவில்லை. அதனை இங்கு வீற்றிருக்கும் தாய்மார் எந்தப் புலவரினும் நன்கறிவர். குடித்தவனைப் பழித்துரைக்கவும் நான் வரவில்லை. அவனைப் பழிக்க வீடு உண்டு, தெரு உண்டு, காவலர் உண்டு, முறைமன்றம் உண்டு. நான் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. குடித்தவன் குற்றவாளி எனின், அவன் கால் தள்ளாடுவதைக் கண்ட பின்னும் அவனுக்கு மேலும் ஊற்றிக் கொடுத்துக் காசைப் பெற்றுக்கொண்டவன் யார்? அவனுக்குச் சட்டம் வைத்த பெயர் என்ன?

தமிழில் அவனுக்குப் பெயர் உண்டு. விற்றவன் என்பது அது. சட்டத்திலோ அவனுக்குக் குற்றவாளி என்ற பெயரும் இல்லை. இழப்பீடு தரவேண்டியவன் என்ற பெயரும் இல்லை. உரிமம் பெற்றவன் என்னும் பெருமைப் பெயரே உண்டு. இந்த ஓரவஞ்சனையைத்தான் இன்று ஆராயப் புகுகின்றோம்.

வள்ளுவர் வைத்த இடம்

முதற்கண் நம் பேராசானிடம் செல்வோம். கள்ளுண்ணாமை திருக்குறளில் 93-ஆம் அதிகாரம். அதில் என்ன சொல்லப்பட்டது என்பதைப் பலரும் பேசிவிட்டனர். அது எங்கே வைக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. புலால் மறுத்தலையும் கள்ளாமையையும் வள்ளுவர் அறத்துப்பாலில் வைத்தார். கள்ளுண்ணாமையை அங்கே வைக்கவில்லை. அரசும் அமைச்சும் நாடும் பேசப்படும் பொருட்பாலில் வைத்தார். அங்கும் எவற்றுக்கு நடுவில்? முன்னே வரைவின் மகளிர், பின்னே சூது. இம்மூன்றுக்கும் பொதுவாவது யாது? மூன்றிலும் ஒருவன் அறிவிழந்து பொருளிழக்க, மற்றொருவர் அவ்வறிவிழப்பையே முதலாக்கிப் பொருள் பெறுகின்றார். வாங்குவோன் ஒருவனே இத்தீமையைச் செய்துவிட முடியாது. எதிரே கையேந்திப் பெறுவோர் ஒருவர் வேண்டும். குடியைத் தனிமாந்தன் ஒழுக்கக் கேடாக மட்டும் காணாமல், பொருளியற் கேடாகவும் ஆட்சிக் கேடாகவும் காணும் பார்வை இவ்வைப்புமுறையில் இருக்கின்றது என்பது என் கருத்து.

‘சங்கச் சான்றோரும் கள்ளுண்டனரே’ என்று சிலர் நம்மை மடக்குவர். உண்டனர், மறைக்க வேண்டுவதில்லை. அதியமான் ஔவைக்குக் கள் கொடுத்த செய்தி புறநானூற்றின் 235-ஆம் பாட்டில் உள்ளது. ஆயினும் வேறுபாட்டைக் காண்க. அதியமான் விற்றவன் அல்லன். ஔவை கடைசிக் காசையும் கொடுத்துவிட்டு இருளில் நெடுஞ்சாலையில் தனியே தள்ளாடிச் சென்றாள் இல்லை. கொடுத்தவன் உடனிருந்தான், உண்டவளின் நலத்துக்கு அவனே காவலாகவும் இருந்தான். கொடுப்போன் காவலனாக இருந்த காலம் அது. கொடுப்போன் கணக்கனாக மட்டும் இருக்கும் காலம் இது.

சட்டம் யாரைத் தேடுகிறது?

இனி, இன்றைய சட்டங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவோம்.

‘பாரதிய நியாய சங்கிதை’ என்று தமிழர் வாயில் நுழையாத வடமொழிப் பெயரோடு 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குற்றவியல் சட்டத்தில் 355-ஆம் பிரிவு, குடித்துவிட்டுப் பொதுவிடத்தில் தொல்லை தருவோனை ஒறுக்கின்றது. 24 மணிநேரச் சிறை, அல்லது 1000 உருபா வரை தண்டம், அல்லது இரண்டும், அன்றேல் ஊர்ப்பணி. யாருக்கு? குடித்தவனுக்கு.

தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் 1937-ஆம் ஆண்டினது. அதன் 4-அ பிரிவு பொதுவிடத்தில் குடிவெறியோடு காணப்படுவோனைக் குற்றவாளியாக்குகின்றது. யாரை? குடித்தவனை.

1988-ஆம் ஆண்டின் இயக்கூர்திச் சட்டம் 185-ஆம் பிரிவில், 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் வெறியம் கலந்திருக்க ஊர்தி ஓட்டுவோனுக்கு, முதன்முறையாயின் 6 திங்கள் வரை சிறையோ 10,000 உருபா வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கின்றது. யாருக்கு? குடித்தவனுக்கு.

குடிவெறியில் செய்த குற்றத்துக்குப் பொறுப்புண்டா என்பதையும் புதுச்சட்டத்தின் 23, 24-ஆம் பிரிவுகள் பேசுகின்றன. அவன் அறியாமலோ அவன் விருப்பத்துக்கு மாறாகவோ ஊற்றப்பட்டு அறிவிழந்திருந்தால் அவனுக்கு விலக்குண்டு. தானே விரும்பிக் குடித்திருந்தால், தெளிந்த அறிவுடையவன் அறிந்திருக்கக்கூடியதை அவனும் அறிந்திருந்தான் என்றே கொள்ளப்படும். நல்ல விதிதான். அறிவை விற்றுவிட்டு வந்து, ‘எனக்கு அறிவில்லை’ என்று ஒருவன் தப்ப முடியாது. ஆனால் விற்றுவிட்ட அந்த அறிவை விலை கொடுத்து வாங்கியவன் மட்டும், ‘எனக்குத் தெரியாது’ என்று தப்பலாம்!

சாலை நேர்ச்சியில் ஒருவர் இறந்துபட்டால் இழப்பீட்டு வழக்கில் எதிர்வாதிகள் யார்? ஊர்தியை ஓட்டியவன், ஊர்திக்கு உடையவன், காப்பீட்டு நிறுவனம். ஊர்தியை ஓட்ட முடியாத நிலைக்கு அவனைக் கொண்டுவந்தவன் பெயர் அப்பட்டியலில் இல்லை.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளால் விளையும் கேட்டுக்கு ஆக்குநரையும் விற்பவரையும் பொறுப்பாக்குகின்றது. மகிழ்ந்தோம். ஆனால் அதன் 87-ஆம் பிரிவைப் படித்தால், ‘போதிய எச்சரிக்கை தரப்படவில்லை’ என்று தொடுக்கப்படும் வழக்கில், பொருளைப் பயன்படுத்தியபோது முறையீட்டாளர் குடிமயக்கத்தில் இருந்திருந்தால் ஆக்குநர் பொறுப்பாகார் என்று விலக்கு வைத்திருக்கின்றனர். மற்றப் பொருள்களுக்கு இது பொருந்தலாம். விற்ற பொருளே குடிமயக்கம் தருவது எனின்? மருந்தைக் குடித்தவன் மருந்தைக் குடித்திருந்தான் என்பதற்காக மருந்துக்காரனை விடுவித்த கதையாக அன்றோ இருக்கின்றது!

ஒரே ஒரு சிறு வாயில் திறந்திருக்கின்றது. இயக்கூர்திச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு, 185-ஆம் பிரிவின் குற்றத்துக்கு உடந்தையாய் இருப்போர்க்கும் அதே ஒறுப்பு என்கின்றது. வெளியே நிற்கும் ஊர்தியின் திறவுகோலைக் கையிற் பிடித்துக்கொண்டு, சொல் குழறி நிற்பவனுக்கு மீண்டும் ஊற்றுவது உடந்தை ஆகாதா? ஆகும் என்று வழக்காட இடமுண்டு. ஆயினும் உடந்தைக்கு உள்நோக்கம் காட்டவேண்டும், அது கடினம். ஆகவே அவ்வாயில் பெரும்பாலும் சாத்தியே கிடக்கின்றது.

பதினெட்டு அகவை நிரம்பாதோர்க்கு வந்தால் மட்டும் சட்டம் விழித்துக்கொள்கின்றது. சிறாருக்கு வெறிநீர் கொடுப்போர்க்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் என்று 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் சட்டத்தின் 77-ஆம் பிரிவு கூறுகின்றது. 2024 மே 19-ஆம் நாள் புனே நகரில் 17 அகவைச் சிறுவன் ஓட்டிய சீருந்து மோதி இளம் பொறியாளர் இருவர் மாண்டனர். அப்போது அவனுக்கு மது வழங்கிய குடிப்பகங்களின் பொறுப்பாளர்களும் தளையிடப்பட்டனர். ஊற்றியவனைத் தேடிச் செல்ல நம் சட்டத்துக்கும் வழி தெரியும் என்பதற்கு இது சான்று. அதே இரவில் ஓட்டியவனுக்கு 27 அகவையாக இருந்திருந்தால்? ஊற்றியவர் மறுநாளும் கடை திறந்திருப்பர். இறந்தவர் இருவர் என்பது மட்டும் மாறியிராது.

உலகம் செய்தது

‘இது நடவாத காரியம்; எந்நாட்டில் இப்படிச் சட்டம் இருக்கின்றது?’ என்று கேட்போர்க்கு விடை சொல்வோம்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 1872-இலேயே இதற்கெனச் சட்டம் செய்தது. குடிவெறியனால் ஊறுபட்டவர், அவனுக்கு விற்ற கடைக்காரன்மீதே வழக்குத் தொடுக்கலாம் என்றது. இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் ஏதேனும் ஒரு வடிவில் இப்பொறுப்பு உள்ளது. இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் 141-ஆம் பிரிவில், குடிவெறியில் இருப்பவனுக்குத் தெரிந்தே விற்பதைக் குற்றமாக்கியுள்ளது.

கனடா நாட்டு உச்ச முறைமன்றம் 1973-இல் அளித்த தீர்ப்பொன்றை நீங்கள் நினைவிற் கொள்ளவேண்டும். ஒரு விடுதி. அங்கு வழக்கமாய் வருபவன் ஒருவன். அவன் இயல்பு விடுதிக்காரர்க்குத் தெரியும். துணையின்றி வந்தால் அவனுக்கு ஊற்றக்கூடாது என்ற கட்டளையும் அங்கிருந்தது. இருந்தும் ஊற்றினர். வெறி தலைக்கேறியதும் வெளியே தள்ளினர். வெளியே இருள், நெடுஞ்சாலை. நடந்தவனை ஊர்தி ஒன்று மோதியது. முறைமன்றம் என்ன சொன்னது? பொறுப்பை மூன்று கூறாக்கியது. குடித்தவனுக்கு ஒரு பங்கு. மோதியவனுக்கு ஒரு பங்கு. ஊற்றி வெளியே தள்ளிய விடுதிக்கு ஒரு பங்கு. குடித்தவனை அது விடுவிக்கவில்லை. அதே வேளையில் ஊற்றியவனையும் விடவில்லை. இதுவன்றோ துலாக்கோல்! 1995-இல் அதே மன்றம், இப்பொறுப்பு சாலையிற் செல்லும் பிறர்க்கும் உண்டு என்றது. ஆயின் அவ்வழக்கில் உடனிருந்தோர் குடிக்காமல் தெளிவாய் இருந்தமையால் விடுதி பிழைத்தது. எனவே கண்மூடித்தனமாய்ப் பழிசுமத்தும் முறையன்று இது. நிலைமையை எடைபோடும் முறை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகின்றேன், மறைப்பது புலமைக்கு அழகன்று. ஆத்திரேலியாவின் உயர் முறைமன்றம் 2009-இல், வளர்ந்த மாந்தன் தன் குடிக்குத் தானே பொறுப்பு, விற்றவர்க்குப் பொதுவான பொறுப்பு இல்லை என்றது. தனிமாந்தன் உரிமை என்பது அதன் வாதம். அதையும் நாம் எதிர்கொள்ளத்தான் வேண்டும்.

‘தானே குடித்தான்’ என்னும் வாதம்

‘அவன் தானே குடித்தான், யாரும் வாயைப் பிளந்து ஊற்றவில்லை’ என்பது அவ்வாதத்தின் சாரம். பொன்மலைத் தோழர்களே, இச்சொற்கள் உங்களுக்குப் புதியனவா? ஆலைகள் தோன்றிய காலத்தில், பொறியில் கையிழந்த தொழிலாளியைப் பார்த்து முதலாளி சொன்ன சொற்கள் இவையே. ‘அவன் தானே கையை விட்டான், யாரும் பிடித்து நுழைக்கவில்லை.’ அவ்வாதத்தை உலகம் ஏற்றதா? பொறியை நிறுவி, அதனால் பொருளீட்டுபவன், அதனால் விளையும் கேட்டிலும் பங்கேற்க வேண்டும் என்று தொழிலாளர் போராடினர். இந்திய நாட்டில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அவ்வாறு பிறந்ததே. ஊதியம் எங்கே சேர்கின்றதோ அங்கே பொறுப்பும் சேரவேண்டும் என்பது அதன் உயிர்க்கருத்து.

அதே 1923-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு விலக்கும் வைத்தது. உயிரிழப்போ நிலையான முழு ஊனமோ நேராத காயமாயின், தொழிலாளி குடிமயக்கத்தில் இருந்ததே நேர்ச்சிக்கு நேரடிக் காரணமானால் முதலாளி இழப்பீடு தரவேண்டியதில்லை என்பது அவ்விலக்கு. இதன் பொருள் என்ன? குடி, தொழிலாளியின் கூலியை மட்டும் பறிக்கவில்லை; அவன் முன்னோர் போராடிப் பெற்ற உரிமையையும் பறித்தது. 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் இதே பொன்மலையில் உரிமை கேட்ட தொழிலாளர் ஐவர் துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்தனர். குண்டுக்கு அஞ்சாத மரபை ஒரு குவளை வீழ்த்துவதா?

இவ்வாதத்துக்குத் தமிழ் மரபு தந்த விடையும் உண்டு. பிற்காலத்தார் மனுநீதிச் சோழன் என்று அழைக்கும் திருவாரூர்ச் சோழனை நாம் முறைகாத்த சோழன் என்போம். சேக்கிழார் அக்கதையை எப்படிச் சொல்கின்றார்? இளவரசன் வேண்டுமென்றே கன்றைக் கொல்லவில்லை. கன்று தானே துள்ளிவந்து தேர்க்காலிடைப் புகுந்தது. அமைச்சர்க்கு அது போதுமானதாய் இருந்தது; மறையோர் விதித்த கழுவாய் ஒன்றைச் செய்து முடிக்கலாம் என்றனர். அரசன் ஏற்றானா? கன்று தானே பாய்ந்தது என்பது தேருடையவனின் பொறுப்பை அழிக்காது என்றான். மக்கள் நெருங்கிய தெருவில் தேர்விடுபவன், தேர்க்காலில் யார் விழுவர் என்று பார்த்துத்தான் விடவேண்டும். கன்று பாய்ந்ததைக் காட்டித் தப்பிய அமைச்சர் மரபு ஒன்று. பொறுப்பைத் தன் தலைமேல் ஏற்ற அரசன் மரபு ஒன்று. இன்று கோட்டையில் வீற்றிருப்பது எம்மரபு?

விற்பவரே அரசர்

தோழர்களே, பிறநாட்டில் ஊற்றியவன் ஒரு தனி வணிகன். தமிழ்நாட்டில் ஊற்றுபவர் யார்?

1937 அக்டோபர் 1-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கிற்று. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் மீண்டும் போயிற்று. 1983-இல் மொத்த விற்பனைக்கென அரசே ஒரு நிறுமத்தை அமைத்தது. 2003-இல் சட்டத்தைத் திருத்திச் சில்லறை விற்பனையையும் அதனிடமே ஒப்படைத்தது. கட்சிகள் மாறின, கடை மாறவில்லை. 2016-இல் 500 கடைகள், 2017-இல் 500 கடைகள், 2023-இல் 500 கடைகள் என மூடினர். 2023-இல் மூடிய பின்னும் எஞ்சியவை 4,829. வருவாயோ குறையவில்லை, 2023-24-இல் 45,000 கோடி உருபாயைத் தாண்டிற்று, 2024-25-இல் 48,000 கோடியையும் தாண்டிற்று.

அந்நிறுமத்தின் பெயரைப் பாருங்கள். ‘தமிழ்நாடு மாநில வாணிகக் கழகம்’ என்பது அதன் பொருள். என்ன வாணிகம்? பெயரில் இல்லை. உப்பா, புளியா, நெல்லா? சொல்லவில்லை. அப்பெயரின் ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி ‘டாசுமாக்கு’ என்று ஓர் ஒலியை உண்டாக்கினர். அவ்வொலிக்குத் தமிழிலும் பொருளில்லை, ஆங்கிலத்திலும் பொருளில்லை. ‘கள்ளுக்கடை’ என்று சொன்னால் உள்ளே நுழைபவனுக்கு நாணம் வரும், விற்பவனுக்கும் வரும். பொருளற்ற ஒலிக்கு நாணமும் இல்லை; பொறுப்பும் இல்லை. தனித்தமிழ் எதற்கு என்று கேட்போரே, இதற்குத்தான்! சொல் தெளிந்தால் செயல் தெளியும். செயலை மறைக்க விரும்புவோன் முதலில் சொல்லை மறைக்கின்றான்.

பொறுப்பை மறைக்கும் மற்றொரு சூழ்ச்சியும் உண்டு. கடை வேறு, அதனை ஒட்டிய குடிப்பகம் வேறு. கடையில் அரசு விற்கும். குடிப்பகத்தை ஒப்பந்தக்காரர் நடத்துவார். அவர் ஏலத்தில் எடுத்தது எதை? தின்பண்டம் விற்கும் உரிமையும் வெற்றுப் புட்டிகளைச் சேர்க்கும் உரிமையும். ஆகவே, ‘நான் சுண்டல்தான் விற்றேன்; சாராயம் விற்கவில்லை’ என்பார் குடிப்பகத்தார். ‘நான் புட்டிதான் விற்றேன், அவன் எங்கே குடித்தான், எவ்வளவு குடித்தான் என்று எனக்குத் தெரியாது’ என்பார் கடையார். ஒரு சுவருக்கு இருபுறமும் இருவர். நடுவில் பொறுப்பு பொத்தென்று விழுந்து மறைந்துவிடுகின்றது. விண்மீன் விடுதிகளிலும் மன்றங்களிலும் அளந்து ஊற்றுவோர் கண்ணெதிரே குடிப்பவனைக் காண்கின்றனர். அவர்கட்கும் இப்பொறுப்பை எவரும் வலியுறுத்தவில்லை.

வெற்றுப் புட்டி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. நீலமலையில் காட்டு விலங்குகளின் கால்களை உடைந்த மதுப்புட்டிகள் கிழித்தன. சென்னை உயர் முறைமன்றம் தலையிட்டது. 2022 மே முதல் அம்மாவட்டத்தில் ஒவ்வொரு புட்டிக்கும் 10 உருபா கூடுதலாய்ப் பெற்று, புட்டியைத் திருப்பித் தந்தால் அப்பணத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. பின்னர் வேறு இடங்களுக்கும் அது பரவிற்று. நன்று, மிக நன்று. விற்ற பிறகும் விற்றவனுக்குப் பொறுப்புண்டு என்னும் கொள்கையை முறைமன்றமும் ஏற்றது, அரசும் ஏற்றது என்பதே இதன் பொருள். அவ்வாறாயின் நான் கேட்கின்றேன். வெற்றுப் புட்டிக்கு உள்ள பொறுப்பு, அப்புட்டியை வெறுமையாக்கியவனுக்கு இல்லையா? யானைக் காலுக்கு உள்ள காப்பு, சாலையில் பள்ளிக்கு நடக்கும் குழந்தையின் காலுக்கு இல்லையா?

‘அரசின்மேல் வழக்குத் தொடுக்க முடியுமா?’ என்று தயங்க வேண்டா. 1861-இலேயே இதற்கு வழி காட்டப்பட்டது. கல்கத்தாவில் அரசின் கப்பற்பட்டறை ஆள்கள் சாலையில் தூக்கிச் சென்ற இரும்பைக் கீழே போட, வண்டிக்குதிரை ஒன்று காயமுற்றது. ‘நாங்கள் ஆள்வோர்’ என்று அரசு வாதிட்டது. ‘ஆட்சிச் செயல் வேறு, எவரும் செய்யக்கூடிய வணிகச் செயல் வேறு, பின்னதற்கு நீ மற்றவரைப் போலப் பொறுப்பே’ என்று மன்றம் தீர்த்தது. கள் விற்பது ஆட்சிச் செயலா? எல்லை காப்பதா, முறை வழங்குவதா? அது கலப்பற்ற வணிகம். அதிலும் அதனைச் செய்வது நிறுமச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஒரு நிறுமம். அரியணையின் பின்னே அது ஒளிந்துகொள்ள முடியாது.

‘அரசுக்குத் தெரியாது’ என்றும் சொல்ல முடியாது. குடி உடல்நலத்துக்குக் கேடு, குடித்து ஊர்தி ஓட்டாதீர் என்னும் எச்சரிக்கை புட்டியின்மேலேயே ஒட்டப்பட வேண்டும் என்பது நடைமுறையில் உள்ள விதி. கேடு என்று எழுதி ஒட்டிவிட்டு விற்பவன் கேட்டை அறிந்தே விற்கின்றான். அரசியலமைப்புச் சட்டத்தின் 47-ஆம் கூறு மதுவிலக்கை நோக்கி அரசு முயலவேண்டும் என்கின்றது. அக்கூற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறுகையால் ஊற்றுகின்றனர்.

நெடுஞ்சாலையும் பொன்மலையும்

நம் ஊர்ச் செய்திக்கு வருவோம். நெடுஞ்சாலை ஓரக் கடைகளைப் பற்றித் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில்தான் உச்ச முறைமன்றம் 2016 திசம்பர் 15-ஆம் நாள் தீர்ப்பளித்தது. நாட்டு நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை ஆகியவற்றின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்றது. ஊற்றுமிடத்துக்கும் உயிரிழப்புக்கும் உள்ள உறவை நாட்டின் உயர்ந்த மன்றமே ஒப்புக்கொண்டது என்பதே அத்தீர்ப்பின் பெருமை. 2017 மார்ச்சு 31-இல், 20,000 பேருக்கு மிகாத ஊர்களில் 220 மீட்டர் என்று அது சுருங்கிற்று. அவ்வாண்டு சூலையில், நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குட்பட்ட பகுதிகட்கு அத்தடை பொருந்தாது என்ற விளக்கம் வந்தது.

பொன்மலையும் திருவரங்கமும் 1994-இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டவை. எனவே அவ்விளக்கத்தின்படி அத்தீர்ப்பின் காவல் நம்மை வந்து சேராது. நம் ஊரை ஒட்டித்தான் நாட்டு நெடுஞ்சாலை ஓடுகின்றது. இரவுப் பணி முடித்துத் திரும்பும் தொழிலாளியும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குச் செல்லும் தாயும் அதனைக் கடந்தாக வேண்டும். ஊர்ப்புறத்தில் ஓடும் சுமையுந்து ஓட்டியின் வெறி ஆளைக் கொல்லும்; மாநகராட்சி எல்லைக்குள் வந்தவுடன் அவ்வெறி தெளிந்துவிடுமா? எல்லைக்கல் குருதியிலுள்ள வெறியத்தை உறிஞ்சிவிடுமா?

இக்கேள்விகளைக் கேட்டோர்க்கு என்ன கிடைத்தது? காந்திய வழியில் மதுவிலக்குக் கேட்ட சேலத்துச் சசிபெருமாள் 2015 சூலை 31-இல் மார்த்தாண்டத்தில் அலைபேசிக் கோபுரத்தின்மேல் நின்று போராடி உயிர் துறந்தார். மதுக்கடைகளை மூடச்சொல்லிப் பாடிய திருச்சிராப்பள்ளிப் பாடகர் கோவன் அதே ஆண்டு அக்டோபர் 30-இல் நாட்டுப்பகைக் குற்றம் சாட்டப்பெற்றுத் தளையிடப்பட்டார். ஊற்றியவர்க்கு இல்லாத வழக்கு, பாடியவர்க்கு வந்தது.

2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தோர் குடும்பத்துக்கு அரசு 10 இலக்கம் உருபா வழங்கிற்று. கள்ளச்சாராயத்துக்கான ஒறுப்பைக் கடுமையாக்கிச் சட்டத்தையும் திருத்திற்று. ஏழைக் குடும்பங்கட்குத் தந்ததை நாம் குறை கூறோம். ஆனால் முத்திரை இல்லாத சாராயத்தால் இறந்தால் விற்றவன் கொலைஞன். முத்திரையிட்ட சாராயத்தை அளவின்றி ஊற்றி, அதனால் குடிக்காத ஒருவன் சாலையில் இறந்தால் விற்றவன் வருவாய் ஈட்டியவன். முத்திரைக்கு இத்தனை ஆற்றலா?

நாம் கேட்பவை

முழு மதுவிலக்கே நம் குறிக்கோள். அதில் மாற்றமில்லை. அதுவரை கைகட்டி நிற்பதா? ஆகாது. ஆகவே இவற்றைக் கேட்கின்றோம்.

முதலாவது, கண்ணுக்குத் தெரியும் வெறியில் இருப்பவனுக்கு விற்பதும் ஊற்றுவதும் தெளிவான குற்றமாக மதுவிலக்குச் சட்டத்தில் எழுதப்படவேண்டும். ‘கடைக்காரர்க்கு எப்படித் தெரியும்?’ என்பர். காலும் நாவும் சொல்லும். காவலர்க்குத் தெரிவது கடைக்காரர்க்குத் தெரியாதா?

இரண்டாவது, அவ்வாறு ஊற்றப்பட்டவனால் ஊறுபட்ட பிறரும், அவன் மனைவி மக்களும், ஊற்றிய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கும் உரிமை சட்டமாக வேண்டும். கனடா மன்றம் செய்ததுபோல் பொறுப்பு பங்கிடப்படட்டும். குடித்தவன் பங்கை அவன் சுமக்கட்டும். ஊற்றியவர் பங்கை ஊற்றியவர் சுமக்கட்டும்.

மூன்றாவது, கடைக்கும் குடிப்பகத்துக்கும் இடையிலுள்ள சுவர் பொறுப்பைப் பிரிக்கலாகாது. இருவரும் ஒருங்கே பொறுப்பாக வேண்டும்.

நான்காவது, இப்பொறுப்பு நிறுமத்தின் தலையில் விழவேண்டுமேயன்றி, கடையில் நிற்கும் ஏழை விற்பனையாளர் தலையில் விழலாகாது. 2003-இல் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். வெறியனுக்கு ‘இல்லை’ என்று சொல்லும் உரிமையும், சொன்னதற்காகத் தாக்கப்படாமல் இருக்கக் காவலும் அவர்கட்கு வேண்டும். அவர்களும் தமிழரே, அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு.

ஐந்தாவது, விற்பனை வருவாயில் ஒரு பங்கு இதற்கெனத் தனியே ஒதுக்கப்படவேண்டும். வருவாயில் பள்ளி நடத்துகின்றோம், உதவித்தொகை தருகின்றோம் என்கின்றனர். தந்தையை இழந்த பிள்ளைக்கு, அத்தந்தையைக் கொன்ற காசிலேயே சீருடை தந்துவிட்டு, அதனை அருள் என்று பெயரிடுவதை ஓர் ஆசிரியனாகிய என்னால் ஏற்க முடியவில்லை. அது அருளன்று, கடன். கடனைக் கடனென்றே சொல்லித் தரட்டும்.

தமிழில் ‘குடி’ என்றால் குடும்பம். குடி என்றால் குலம். குடி என்றால் நாட்டு மக்கள். அருந்துதலைக் குறிக்கும் சொல்லும் அதே ஒலியுடையதாய் இருக்கின்றது. ஒலி ஒன்றாயினும் பொருள் வேறு. ஒரு குடி மற்றொரு குடியை விழுங்கிவிடாமல் காப்பதே குடியரசின் கடன். அக்கடனை மறந்த அரசுக்கு அதனை நினைவூட்டுவது குடிமக்களின் கடன்.

இவ்வைந்து கோரிக்கைகளையும் எழுதி, பொன்மலையின் ஒவ்வொரு தெருவிலும் கையொப்பம் பெறுங்கள். மாமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நேரில் கொடுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம் வேறு எதையும் கேட்கவேண்டா. ‘ஊற்றியவன் பொறுப்பா, இல்லையா?’ என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் எழுதித் தரச்சொல்லுங்கள். இல்லை என்றால் வாயிலைச் சாத்துங்கள்.

தமிழ்க்குடி தழைக்க! முறை நிலைக்க!